சகாயம் டியூபைத் திருடவில்லை

செந்திலுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய், கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறாய் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஏழு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. எட்டாவது முறை எடுத்து, "பெத்த புள்ளைய தெருவே பாக்கற மாதிரி காட்டிக் குடுத்துட்டு இன்னும் இன்னா பேசணும் ஒனக்கு?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். வருகிற மாசியில் உனக்குக் கல்யாணம். நீ வீட்டை விட்டுப் போய் வேறு வாடகை வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய். நீ கேட்டது கேள்வி என்றால் அதற்கு இதுதான் பதில். நீ கேட்டது திட்டு என்றால், எனக்கும் திட்டத் தெரியும்.

போன வருடம் மாசி கடைசியில் ஒரு சனிக்கிழமை நீ நம் கடைக்கு வந்தாய். 'நம் கடை' என்று பழக்கத்தில் எழுதுகிறேன். இருபத்துமூன்று வருடம் அந்த உப்பளம் ஏரியா பெயின்ட் கடையின் கவுன்டரில் நின்றவளுக்கு அது தன் கடை மாதிரிதான். உன்னிடம் பூச்சு வேலை செய்த சகாயமும் உன்னோடு வந்திருந்தார். லாஸ்பேட்டையில் டீச்சர் வீட்டு மொட்டைமாடியில் நீ ஒரு அறை கட்டிக்கொண்டிருந்தாய். மேலே இரும்பு ஷீட்டுக் கூரை, கீழே வெள்ளையாக ஃபால்ஸ் சீலிங், ஒரு பக்கம் பழைய செங்கல் சுவர். ஷீட்டு போய் அந்தச் சுவரைத் தொடுகிற இடத்தில் நீளமாக ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு. அதை அடைக்க என்ன இருக்கிறது என்று கேட்டாய். டிப்ளமோ முடித்துவிட்டு இன்ஜினியர் என்று போர்டு வைத்திருக்கும் என் மகன் என்னிடம் வந்து கேட்கிறானே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எரிகிறது.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. மறந்ததுபோல் நீ நடித்ததால் திரும்பவும் எழுதுகிறேன். இரும்பு ஷீட்டு வெயிலில் நீளும், மழை பட்டால் சுருங்கும். செங்கல் சுவர் அந்த அளவுக்கு அசையாது. ஆக அந்த இடுக்கு ஒருநாளும் ஒரே அளவில் இருக்காது. அதற்குள் போடுகிற பொருளும் கூடவே இழுபட வேண்டும், கூடவே அமுங்க வேண்டும். வெள்ளை சிமென்ட்டோ விரிசல் அடைக்கிற பவுடரோ காய்ந்தால் கல். கல் இழுபடாது, உடையும். சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கு அது போதும், இதற்கு ஆகாது. சிலிகான் இழுபடும், ஆனால் அதன்மேல் பெயின்ட் நிற்காது. உனக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றால் பி.யு. சீலன்ட் எடுத்துக்கொள், ரப்பர் மாதிரி இருக்கும், மேலே பெயின்ட்டும் பிடிக்கும், வெயிலுக்கும் அந்தப் பெயின்ட் ஒரு காப்பு. இவ்வளவையும் நான் அந்தச் சீலன்ட் டியூபை அலமாரியிலிருந்து எடுத்து கவுன்டரில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"எவ்ளோ நேரத்துல காயும்?" என்று கேட்டாய்.

"மேல தோலு ஒரு நாள்ல புடிச்சிக்கும். உள்ள முழுக்க காய நாலஞ்சி நாளு உடு. அப்புறமா பெயின்ட் அடி."

"நாளான்னிக்கு அவங்க பால் காய்ச்சறாங்கம்மா. அஞ்சி நாளுக்கு நான் எங்க போறது? அந்தப் பவுடரையே குடு."

சகாயம் உனக்குப் பின்னால் நின்றுகொண்டு, "தம்பி, அக்கா சொல்றதுதான் சரி. இது சித்திர வெயிலு தாங்காது, பொளந்துக்கும். வேணும்னா பெயின்ட்ட பிற்பாடு அடிச்சிக்கலாம்னு டீச்சர் வூட்டு சார்கிட்ட நான் சொல்றேன்" என்றார். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "சொன்னத செய்ண்ணே" என்றாய். உன்னைவிட இருபது வருடம் மூத்தவர். நான் அப்போதே உன்னை அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. டியூபைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுப் பவுடர் பாக்கெட்டுகளை நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன். சகாயம் அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்தப் பவுடரை விற்றது யார் என்று கேட்டால் நான்தான். வாங்கியது நீ. பூசச் சொன்னதும் நீ. இதில் ஒரு எழுத்தை உன்னால் மாற்ற முடியுமா?

இது தெரியாமல் செய்த பிழை என்றும் நீ சொல்ல முடியாது. உன் அப்பா இதே பாடத்தை நாலு வருடம் பட்டுக் கற்றுக்கொண்டதை நீ கண்ணால் பார்த்தவன். அவர் வேலை செய்த மில்லை மூடிய பிறகு நாம் இருந்த வீட்டின் சமையலறைக்கு ஒரு தகரக் கூரை. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் உன் அப்பா சிமென்ட் குழைத்து அப்புவார். ஐப்பசியில் என் அடுப்பின் மேல் சொட்டும். மறுபடி அப்புவார், மறுபடி சொட்டும். வீம்பு பிடித்த மனுஷர், சிமென்ட்டில் கலவை சரியில்லை, மணல் சரியில்லை என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் சொல்வார். நாலாவது வருடம் நான் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அங்கே ஒரு பெரிய மேஸ்திரி, ஆடுகிற இடத்துக்கு ஆடுகிற பொருளைப் போடச் சொன்னார். சீலன்ட் எல்லாம் அப்போது நமக்கு எட்டாது. சாக்குத் துணியைத் தாரில் நனைத்து இடுக்கில் திணித்தோம். பார்க்க அவலட்சணமாக இருந்தது. நீ உன் சிநேகிதர்களைச் சமையலறைப் பக்கம் விடமாட்டாய். ஆனால் அந்த வீட்டை விட்டு வரும்வரை ஒரு சொட்டு இறங்கவில்லை. உன் அப்பாவிடம் எனக்குப் பிடித்தது, நாலு வருடம் தான் தப்பாகத்தான் செய்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரரிடமே போய்ச் சொன்னார், அவரும் சிமென்ட் அப்பிக்கொண்டிருந்ததால். அவருக்குப் பிறந்தவன்தான் நீ.

டீச்சர் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் நீ அதை முழுதாக நின்று பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சித்திரையிலேயே பவுடர் விரிசல் விட்டுவிட்டது. கீழே ஃபால்ஸ் சீலிங் மறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த விரிசல் வழியாக இறங்கி ஃபால்ஸ் சீலிங்கின் முதுகில் தேங்கியிருக்கிறது. மூன்று நாள் மழைக்குப் பிறகு ஒரு மத்தியானம், டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது, ஊறிப்போன பலகை அப்படியே பெயர்ந்து வலது தோளில் விழுந்தது. தலையில் விழுந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை உனக்கு ஜெயிலுக்கு எழுதிக்கொண்டிருப்பேன். முப்பது வருடம் சின்னப் பிள்ளைகளுக்குக் கையைப் பிடித்து எழுத்துப் பழக்கிய அம்மா அவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் பார்க்கப் போனேன். தலை சீவிக்கொள்ளக் கை எழும்பவில்லை. அவர் கணவர், ரிடையர் ஆன குமாஸ்தா, வாழ்நாளில் சீப்பைப் பிடித்துப் பின்னல் போடாதவர், பின்னால் உட்கார்ந்து தப்புத் தப்பாகப் பின்னிக்கொண்டிருந்தார். "பரவால்ல, யாரு பாக்கப் போறா" என்று டீச்சர் சிரித்தார். சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் சார் உன்னையும் சகாயத்தையும் வரச் சொல்லியிருந்தார். நான் அங்கே இருப்பேன் என்று நீ எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் உன் முகம் ஒரு நொடி மாறியது, அப்புறம் சரியாகிவிட்டது. சார் கத்தவில்லை. "தம்பி, என்னா போட்டு அடச்சீங்க அந்த எடத்த? அத மட்டும் சொல்லுங்க" என்றுதான் கேட்டார். பவுடர் போட்டேன், அவசரப்பட்டுவிட்டேன் என்று நீ சொல்லியிருந்தால் போதும். அவர் உன்னைத் திட்டியிருப்பார், செலவை உன் தலையில் கட்டியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். நீ என்ன சொன்னாய்? "சார், நான் நல்ல சீலன்ட் டியூபு வாங்கித்தான் சார் குடுத்தேன். ஆளு மாத்திட்டாரு. டியூப வெளிய வித்துட்டு பவுடர பூசியிருக்காரு. நம்பி உட்டது என் தப்புதான் சார்." நம்பி விட்டது உன் தப்பாம். எவ்வளவு அழகாக ஒரு தப்பை ஒப்புக்கொண்டாய்.

சகாயம் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பவுடரை எடுத்துக் கொடுத்தது யார் என்று அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். ஒருவன் பொய் சொல்லிவிட்டான். ஒருவர் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மிச்சம் நான்தான். என் மடியில் டீச்சருக்கு வாங்கிப்போன ஆரஞ்சுப் பழப் பை இருந்தது. நான் அந்தப் பையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். "சரி தம்பி" என்றார் சகாயம். அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

உன்மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதி என்மேல் வருவது. நீ எட்டாவது படித்தபோது பள்ளிக்கூடத்து மைக்ரோஸ்கோப்பைப் போட்டு உடைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பையன் தட்டிவிட்டான் என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு வந்து என்னிடம் உண்மையைச் சொன்னாய். நான் என்ன செய்தேன்? "யார்கிட்டயும் சொல்லாத, அப்பாகிட்டகூட" என்று சொல்லிவிட்டு உனக்குத் தோசை சுட்டுப் போட்டேன். அந்தப் பையன் ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றான். அவன் அம்மா மார்க்கெட்டில் எதிரில் வந்தபோது நான் வேறு பக்கம் போய்விட்டேன். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். உண்மையில் உனக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்தேன்: நீ யார்மேல் கையைக் காட்டினாலும் அம்மா வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று. டீச்சர் வீட்டில் நீ என்னை வைத்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னது அந்தத் தைரியத்தில்தான். அந்தத் தைரியத்தைக் கொடுத்தவள் நான். அதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. அப்போது உனக்குப் பதின்மூன்று வயது, இப்போது முப்பது.

மூன்று வாரம் சும்மா இருந்தேன். சாப்பிட்டேன், கடைக்குப் போனேன், வந்தேன். ஒருநாள் காலை சகாயம் கடைக்கு பட்டி பூசுகிற பிளேடு ஒன்று வாங்க வந்தார். என்னிடம் வரவில்லை, அடுத்த கவுன்டருக்குப் போனார். முதலாளி என் பக்கம் குனிந்து, "அந்தாளு வந்தா கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா. லாஸ்பேட்டைல ஒரு வீட்ல டியூபு தூக்கிட்டாராம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சகாயத்தின் காதில் விழுந்துவிட்டது. அவர் சட்டைப்பையில் இருந்ததை எல்லாம் எடுத்துக் கவுன்டரில் வைத்தார். பீடிக்கட்டு, பஸ் டிக்கெட், ஒரு ஜெபமாலை. வைத்துவிட்டு, "பாத்துக்குங்க மொதலாளி" என்றார். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. நான் அங்கேயே, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "அவரு எடுக்கல. எம் புள்ள பவுடருதான் வாங்கினான். நான்தான் எடுத்துக் குடுத்தேன்." நீ சொல்கிற காட்டிக் கொடுத்தல் அங்கேதான் ஆரம்பித்தது. அன்று மத்தியானமே லீவு போட்டுவிட்டு லாஸ்பேட்டைக்குப் போனேன்.

எனக்கு யாரும் அங்கே மாலை போடவில்லை. நான் சொல்லி முடித்ததும் சார் எழுந்து, "நீங்க கெளம்புங்கம்மா" என்றார். டீச்சர்தான், "அன்னிக்கு ஏன் சொல்லல? இங்கதான ஒக்காந்திருந்தீங்க" என்று கேட்டார். "எம் புள்ள" என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் வரவில்லை. அவர், "அந்தாள நாங்களும் திருடன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னோம். அவர கூட்டினு வாங்க. நான் மன்னிப்பு கேக்கணும்" என்றார். தோள் உடைந்தவர் மன்னிப்புக் கேட்கிறேன் என்கிறார். உடைத்தவன் போனை வைக்கிறான்.

சகாயத்தின் வீடும் உப்பளத்தில்தான், கடையிலிருந்து நடக்கிற தூரம். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் போனதில்லை. அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டு வழி விடாமல் நின்றார். சகாயம் உள்ளேயிருந்தே, "உடு, வரட்டும்" என்றார். லாஸ்பேட்டையில் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடாததால் தினம் பஸ் பிடித்துக் காலாப்பட்டு தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தார். நான் அழுதேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "அழுவாதீங்கக்கா. ஒரு தபா 'இல்ல'ன்னு சொல்லியிருந்தா போதும். ஒரே தபா" என்றார். டீச்சர் கூப்பிட்டதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "மன்னிப்புக்காவ வரல. அந்த எடத்த ஒழுங்கா அடச்சிட்டு வரேன். எங் கைப்பட அரகொறயா நிக்குது அது" என்றார்.

தை பிறந்து மழை ஓய்ந்த ஒரு காலையில் போனோம். டியூப், அதைப் பிதுக்குகிற கன், டேப் எல்லாம் நான் வாங்கினேன். அவர் ஏற நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், பிறகு கூரை ஓரம்வரை நானும் ஏறினேன், முட்டி வலியோடு. அவர் பழைய பவுடரைக் கொத்தி எடுத்தார். ஒரு விரல் நீளத்துக்கு எடுத்த துண்டை என்னிடம் கொடுத்தார், கையில் வைத்து அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உடைந்தது. பிறகு பிரஷ் போட்டுத் தூசி தட்டி, ஈரமில்லாமல் துடைத்து, இடுக்கின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டினார். உள்ளே ஃபோம் கயிற்றைத் திணித்தார். சீலன்ட் சுவரிலும் ஷீட்டிலும் மட்டும்தான் ஒட்ட வேண்டும், அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட முடியாமல் கிழியும், அதற்குத்தான் அந்தக் கயிறு. எல்லாம் தயாராக இருந்தும் பத்து மணிவரை கன்னைத் தொடவில்லை. "விடியக்காலைல குளுருக்கு வாயத் தெறந்து நிக்கும், மத்தியானம் மூடிக்கும். நடுவுல ஒரு அளவு இருக்கும்க்கா, அப்ப போடணும்" என்றார். போட்டார். சோப்புத் தண்ணீரில் நனைத்த ஸ்பூனின் முதுகால் ஒரே இழுப்பாக நீவிவிட்டார். அஞ்சு நாள் யாரும் அதைத் தொடக்கூடாது என்று சாரிடம் சொன்னார். சார் சரி என்றார். நீ கேட்கப் பயந்த அஞ்சு நாள், செந்தில். கேட்டிருந்தால் அன்றைக்கும் அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

கீழே டீச்சர் இடது கையால் காபி கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்புக் கேட்டார். சகாயம் தலையை ஆட்டிவிட்டு, "எதுத்த வூட்லயும் சொல்லிடுங்க டீச்சர். அங்கேர்ந்துதான் பரவிச்சி" என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான். டீச்சர் சொன்னார். எதிர்வீட்டில் சொன்னார், அந்தத் தெருவில் சொன்னார். உனக்கு வர இருந்த இரண்டு வேலை நின்றுபோனது. உடனே உனக்குப் போனில் வார்த்தை வந்துவிட்டது. 'எல்லாரும் செய்யறதுதான்' என்று உன் அத்தையிடம் சொல்லியிருக்கிறாய். அவசரத்தில் பவுடர் போடுவதை நிறையப் பேர் செய்கிறார்கள், உண்மைதான். அதற்காக நான் உன்னோடு பேசாமல் இருந்திருக்கமாட்டேன். வேலையில் தப்பு வரும், பிரித்துவிட்டுத் திரும்பப் போடலாம். ஒரு மனுஷனின் பேரை எடுத்து உன் ஓட்டையில் திணித்தாயே, அதைத்தான் நான் கேட்கிறேன். உன் வேலை போனதற்கு நான் காரணம் என்கிறாய். ஆமாம், நான்தான். அவர் வேலை போனதற்கு யார் காரணம்? அதைப் பற்றி நீ யாரிடமாவது ஒரு வரி பேசியிருக்கிறாயா?

போன புதன்கிழமை, உனக்கு நிச்சயம் செய்த ரேவதி கடைக்கு வந்தாள். ஆபீசிலிருந்து நேராக ஸ்கூட்டரில் வந்திருந்தாள். புது வீட்டுக்குப் பெயின்ட் கலர் பார்க்க என்றாள். கலர் அட்டையைப் புரட்டிக்கொண்டே, "அத்த, ஒங்களுக்கும் அவருக்கும் இன்னா சண்ட? கேட்டா ஒண்ணுமில்லன்றாரு" என்றாள். நல்ல பெண். நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்கிறாள். எந்தப் பொருளை எடுத்தாலும் இது வெயிலில் நிற்கும், இது நிற்காது என்று சொல்லித்தான் நான் இருபத்துமூன்று வருடம் விற்றிருக்கிறேன். அவளிடம், "அவனையே கேளும்மா" என்று சொல்லிவிட்டுக் கலர் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் ஏறிய பிறகுதான் எனக்கே உறைத்தது, திரும்பவும் அதையே செய்துவிட்டேன் என்று.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைப் புடவை எடுக்கக் கூட்டிப்போக வருகிறாள். பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீ அதற்கு முன்னால் அவளிடம் சொல். பவுடரிலிருந்து சகாயம் வரைக்கும், டீச்சரின் தோள் வரைக்கும், எதையும் விடாமல், உன் வாயால். அவள் என்ன முடிவு எடுத்தாலும் அது அவள் முடிவு. அவள் உன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தால் மண்டபத்தில் முதல் ஆளாக வந்து நிற்கிறேன். நீ சொல்லாமல் இருந்தால், அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி அதே கேள்வியைக் கேட்டால், இந்தத் தடவை நான் குனிந்து எதையும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன்.

அம்மா